மூன்றில் ஒரு கப் சோறு

எடைமேடையில் லாரிகளை நிறுத்துப் பார்ப்பது என் வேலை. வெற்று வண்டி எவ்வளவு, சரக்கோடு எவ்வளவு என்று நாள் முழுக்கப் பார்க்கிற எனக்கு, வீட்டில் ஓர் எடை மட்டும் ஒரு மாதமாகப் பிடிபடவே இல்லை. என் வீட்டுக்காரர் நூற்றுப் பன்னிரண்டு கிலோவில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தார்.

அவர் உயரக் கிரேன் ஓட்டுகிறவர். நூற்றுப் பத்துக்கு மேல் இருந்தால் ஏணி ஏறக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. மாதக் கடைசியில் பரிசோதனை. "என்னைக் கீழ நின்னு கயிறு கட்டச் சொல்லிடுவாங்கடி" என்று ஒருநாள் கண் கலங்கிவிட்டார்.

டயட்டீஷியன் ஓர் அட்டை கொடுத்திருந்தார். மாவுச்சத்து, பழம், பால், காய் என்று கட்டம் கட்டமாக. வேளைக்கு இத்தனை பங்கு. ஒரே கட்டத்துக்குள் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு துண்டு ரொட்டியும் ஒரு பங்கு, மூன்றில் ஒரு கப் சோறும் ஒரு பங்கு, ஒரு சின்ன உருளைக்கிழங்கும் ஒரு பங்கு. ஆனால் ஆப்பிளை விட்டுக்கொடுத்து உருளைக்கிழங்கு கேட்க முடியாது. என்ன நியாயமான சட்டம்! பார்த்த உடனே எனக்குப் பிடித்துப்போனது. அவருக்கென்று தனிப் பாத்திரத்தில், இரண்டு வேளையும் கப்பால் அளந்துதான் ஆக்கினேன்.

அப்படியும் எடை இறங்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? மனுஷன் வெளியே வெளுத்துக்கட்டுகிறார். சட்டைப் பையைத் துழாவினேன். டிபன் பாக்ஸை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

"உண்மையச் சொல்லுங்க, எங்க போய்த் திங்கறீங்க?"

"சத்தியமா இல்லடி. நீ போடறதத் தவிர பச்சத் தண்ணிதான்."

"ஆமா, தண்ணி குடிச்சேதான் இந்தத் தொப்பை வந்துச்சு!"

பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், சோறு ஆக்கி இறக்கிய பிறகு, "இன்னிக்கு ரொட்டி தாயேன்" என்றார். இரண்டு பங்குக்கு இரண்டு துண்டு. தட்டில் வைத்தேன். பக்கத்தில் அவருக்கு ஆக்கிய சோறு பாத்திரம் நிறைய இருந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுன்னு அட்டை சொல்லுதாம்மா? நம்பற மாதிரியா இருக்கு?"

எனக்குப் பொறி தட்டியது. சமையல் தராசை எடுத்தேன். ரொட்டி அறுபது கிராம். சோறு முந்நூற்றைம்பது! அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் பொடி எழுத்தில், 'அளவெல்லாம் வெந்த பிறகு' என்று இருந்தது.

அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். மணலை நனைத்துக்கொண்டு வரும் லாரியை நான் மேடையிலேயே ஏற்றமாட்டேன். தண்ணீர் சேர்ந்தால் எடை பொய் என்பது தொழிலில் ஊறிப்போன பழக்கம். அதே பழக்கத்தில் அரிசியைக் காய்ந்தபடியே அளந்து உலையில் போட்டிருக்கிறேன். வெந்தால் மூன்று மடங்காகும் என்பது, இத்தனை வருஷம் ஆக்கிப்போட்டவளுக்கு உறைக்கவில்லை.

"அதிகமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"வயிறு முட்டத்தான் செஞ்சுது. மிச்சம் வெச்சா, வெளிய தின்னுட்டு வந்துட்டேன்னு சொல்லுவே."

வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அன்றிலிருந்து வெந்த சோற்றை அளந்தேன். பத்து நாளில் ஒன்றரைக் கிலோ இறங்கியது. போதவில்லை. நூற்றுப் பத்தரை. பரிசோதனைக்கு நானும் கூடப் போயிருந்தேன். கம்பெனி டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"அட்டை குடுத்தும் வாயக் கட்டலியா?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

"டாக்டர், அவர் மேல தப்பில்ல. தப்பு என்னுது" என்று நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். டாக்டர் ஒரு மாதம் தவணை எழுதினார். அதுவரை என் வீட்டுக்காரருக்கு ஏணி ஏறாமல் கீழேதான் வேலை.

வெளியே வந்ததும் கேட்டார். "உள்ள என்னமோ சொன்னியே, சரியா காதுல விழல."

"தப்பு என்னுதுன்னு சொன்னேன்."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என் வாயிலிருந்து அது வந்ததே இல்லை.

"இதுக்காக ஒரு மாசம் என்னடி, ரெண்டு மாசம்கூடக் கீழ நிக்கலாம்" என்றார்.