இருட்டாத வியாழக்கிழமை

ஜவ்வாது மலையில் நதியா டீச்சரின் நிலத்தில் விடிந்த ஒரு வியாழக்கிழமை, நான்கு வருடமாகியும் இருட்டவில்லை. வேலிக்கு வெளியே நாட்கள் வழக்கம்போல வந்து போயின. வேலிக்குள் வெயில் சாமைக் கதிர்மேல் அப்படியே நின்றது. தூக்கம் வர வேண்டுமே என்று அவள் கணவன் பழனி ஒடுகத்தூரில் கறுப்புத்துணி வாங்கிவந்து ஜன்னலில் கட்டினான். குட்டையிலிருந்த கெண்டைகள் முதல் வருடம் சேற்றில் ஊன்றி நிற்கப் பழகின. அடுத்த மழைக்குக் காலோடு கரையேறின. பிறகு சிலவற்றுக்கு இறகு முளைத்தது. அவை வேலிக்கம்பியில் உட்கார்ந்து கத்தின.

நதியா சர்ச் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பரிணாமமும், ஞாயிறு வகுப்பில் ஆதியாகமமும் நடத்துகிறவள். மீனும் பறவையும் உண்டான ஐந்தாம் நாள் வியாழன்தான், மிருகமும் மனிதனும் உண்டான ஆறாம் நாள் வெள்ளி என்று ஞாயிறிலிருந்து விரல்விட்டு எண்ணிக் காட்டுவாள். போதகர் யோவேல் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க டீச்சர்."

"ரெண்டும்தாங்க ஐயா. நாளுன்னுதான் எழுதியிருக்குது. இருவத்தினாலு மணி நேரம்னு எங்க எழுதியிருக்குது?"

ஞாயிறு வகுப்பைப் பிடுங்கிக்கொண்டார். ஞானஸ்நானம் எடுத்த அன்றே பிறந்த வீட்டார் அவளைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அதன் பிறகு சர்ச்தான் சொந்தம். அவள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

"மன்னிப்புக் கேட்டுடேன்," என்றான் பழனி. "வேலையும் போச்சுன்னா இன்னா பண்றது?"

"இன்னாத்துக்குக் கேக்கணும்? கண்ணால பாத்தத இல்லன்னு சொல்லச் சொல்றியா?"

வேலூரிலிருந்து ஓர் அறிவியல் சங்கத்துக்காரர் வந்தார். இதில் கடவுளுக்கு வேலையில்லை என்று ஊரறியச் சொன்னால் பாராட்டுவிழா எடுப்பதாகச் சொன்னார்.

"எவ்ளோ காலம் ஆச்சுன்னு நீங்க சொல்லுங்க சார், கேட்டுக்கறேன். யார் பண்ணதுன்னு நான் சொல்றேன்," என்று கும்பிட்டு அனுப்பினாள்.

பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பி அவளுடைய வியாழக்கிழமைக்குள் வந்து பாடம் கேட்டார்கள். அவர்களைத் திருப்பி அழைத்துப்போக வந்த யோவேலின் செருப்பின்மீது காலுள்ள கெண்டை ஒன்று ஏறி நின்றது. அவர் அதை உதறவில்லை.

"எப்ப சாயங்காலம் ஆவும்?" என்று கேட்டார்.

"தெரியலைங்க ஐயா. இந்த நாளோட வேலை முடிஞ்சாத்தானே ஆவும்."

வேலிக்கம்பி முழுக்கப் பறவைகள் நிறைந்த ஒரு நாளில் வெயில் இறங்கியது. புளியமரத்தின் இலைகள் கூம்பின. மறுநாள் அந்த நிலத்தில் வெள்ளிக்கிழமை விடிந்தது; குட்டையோரம் ரோமமுள்ள ஏதோ ஒன்று கண் திறந்தது. யோவேல் ஞாயிறு வகுப்பின் பாயை அங்கேயே கொண்டுவந்து விரித்தார். வெள்ளிக்கிழமை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் வேலியோரமாக மாடு ஓட்டிப் போகும்போது சத்தம் போடாமல் போகிறார்கள்.