வடக்குப் பாதியில் ஒரு சிப்பி

எஸ்றாவுக்குப் பாராட்டு விழா எடுக்கப் போகிறோம் என்று தூத்துக்குடி கிளப் செயலாளர் விக்டர் எழுதிய கடிதம் மூன்று வாரம் அவன் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வேறு ஊராக இருந்தால் மறுநாளே பதில் போட்டிருப்பான். இந்தியாவுக்காகப் பதினொரு டெஸ்ட் ஆடிய வேகப்பந்து வீச்சாளன், நாசரேத்து வாத்தியார் மகன், அடுத்த மாதம் மாநிலத் தேர்வுக் குழுவில் உட்காரப் போகிறவன். மாலைக்கும் சால்வைக்கும் கூச்சப்படுகிற ஆளா அவன்? ஆனால் அந்த மைதானத்தில் மறுபடி கால் வைக்க அவனுக்கு மனமில்லை. கடைசியில், போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று நாலு பேர் கேட்பார்களே என்ற பயத்தில்தான் ரயிலேறினான். திருட்டுத்தனம் பண்ணியவன் இப்படித்தான் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடுவான். ஒன்பது வருஷமாக எஸ்றாவுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது.

1978 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது. உப்பளத்துக்கும் துறைமுகச் சாலைக்கும் நடுவே கிடக்கும் அந்த மைதானத்தில் பேருக்குக்கூடப் புல் கிடையாது. தரை முழுக்கச் சிப்பித் துண்டு. பிட்ச் நடுவே ஒருவன் முட்டி போட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தான். அந்த வெயிலில் கம்பளி ஸ்வெட்டர் வேறு. எஸ்றாவுக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. இங்கிலாந்திலிருந்து அவன் அனுப்பிய ஸ்வெட்டர்தான் அது. போட்டிருந்தவன் சிவனணைந்தபெருமாள்.

இந்த மைதானத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எஸ்றா எத்தனையோ தேசம் சுற்றியிருக்கிறான், வேறெங்கும் இதைப் பார்த்ததில்லை. பிட்ச் மேல் கயிற்றுப்பாய் விரிக்கும் முன் இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் தரையைக் கையால் தடவிச் சிப்பி பொறுக்க வேண்டும். தெற்குப் பாதி உள்ளூர் கிளப்புக்கு, வடக்குப் பாதி எதிரணிக்கு. பாய்க்கு அடியில் நகத்தளவு சிப்பி கிடந்தால் போதும், அதன்மேல் விழுகிற பந்து எங்கே எகிறும் என்று வீசினவனுக்கே தெரியாது. பொறுக்கி முடித்தவன் கையைத் தூக்கி "சுத்தம்" என்று கத்த வேண்டும். இரண்டு பக்கமும் சுத்தம் கேட்ட பிறகுதான் பாய் விரியும், ஆணி இறங்கும். சொன்னவன் சொல்லுக்கு மறுபேச்சே கிடையாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தெற்குப் பாதியைப் பொறுக்கியவன் உள்ளூர் கிளப்புக்கு ஆடிய எஸ்றா. வடக்குப் பாதியைப் பொறுக்கியவன் துறைமுக அணியின் முதல் மட்டையாளன் பெருமாள். இரண்டு பேரும் சாயர்புரத்தில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். பெருமாள் தாமிரபரணிப் பக்கத்து நெல்வயல்காரர் வீட்டுப் பிள்ளை. மட்டையைப் பிடித்தான் என்றால் அப்படி ஒரு ஆட்டம். அன்றைக்கு மெட்ராஸிலிருந்து தேர்வாளர் வந்ததே பெருமாளைப் பார்க்கத்தான். எஸ்றாவை யாருக்குத் தெரியும்?

பெருமாள் "சுத்தம்" என்று கத்திவிட்டுப் பேடு கட்ட ஓடினான். எஸ்றா தன் பாதியில் பொறுக்கியதை எல்லாம் தூர எறிந்தான், ஒன்றைத் தவிர. தானும் சுத்தம் சொல்லிவிட்டுப் பாயை உருட்டிக்கொண்டு வடக்கே போகும்போது, தன் பந்து வழக்கமாக விழுகிற இடத்தில் அதைப் போட்டுக் குதிகாலால் ஒரு மிதி மிதித்தான். ஒரே ஒரு பந்து எகிறட்டும், மெட்ராஸ்காரர் நம்மையும் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான் நினைத்தான். பாவிப்பயல், அந்தப் பந்து யார்மேல் போய் விழும் என்று நினைக்கவில்லை.

நாலாவது ஓவரில் எஸ்றா வீசிய பந்து எகிறிப் பெருமாளின் இடது கண்ணில் விழுந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள், கண்ணை எடுத்துவிட்டார்கள். மறுநாள் பாயைச் சுருட்டியபோது உடைந்த சிப்பி அகப்பட்டது. வடக்குப் பாதி, பெருமாள் சுத்தம் சொன்ன பாதி. யாரும் எஸ்றாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று எஸ்றாவுக்கு ஆறு விக்கெட். தேர்வாளர் அவன் பெயரை எழுதிக்கொண்டு போனார். மாநில அணி, அப்புறம் இந்திய அணி, விமானம், ஹோட்டல், பத்திரிகையில் போட்டோ. எல்லாம் வந்தது. ஆனால் தலைக்கு எகிறுகிற பவுன்சர் போடு என்று கேப்டன் சொன்னால் மட்டும் எஸ்றாவின் கை மரத்துப்போகும். எதிரே நிற்கிறவன் முகத்தில் பெருமாள் முகம் தெரியும். பந்தைக் காலடியில் போட்டு நாலு ரன் கொடுத்துவிட்டு வருவான். தைரியமில்லாதவன் என்று பேரெடுத்தான், பதினொரு டெஸ்டோடு கழற்றி விட்டார்கள். பெருமாளுக்கு எத்தனையோ கடிதம் எழுதினான். எழுதிய அன்றே கிழித்தான். கடைசியில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி அனுப்பினான், கண்ணுக்குப் பதிலாக!

"ஏலே எஸ்றா! வந்துட்டியா? செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வாலே!"

பெருமாள் முட்டியிலிருந்தபடியே கையை ஆட்டினான். மூடிக் கிடந்த இடது இமை உள்ளே குழிந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த வெயில்ல எதுக்குல ஸ்வெட்டரு?" என்றான் எஸ்றா. வேறென்ன பேசுவதென்று தெரியவில்லை.

"டெஸ்ட் பிளேயரு அனுப்புனதாக்கும். ஊருக்குத் தெரியாண்டாமா? வடிவு 'ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு'ன்னு ஏசுதா. ஏசிட்டுப் போறா."

வடிவு என்பது அவன் மனைவி அருணாசலவடிவு. மைதானத்தை ஒட்டித்தான் வீடு. வாசலில் அவள் துணி காயப்போடுவது இங்கிருந்தே தெரிந்தது.

"நீ ஏன் பொறுக்குத? வேற ஆளு கெடைக்கலையா?"

"எல்லா மேட்ச்சுக்கும் நாந்தாம்ல. ரெண்டு பாதியும் நாந்தான். நெடுக ஒருதரம் தடவணும், பொறவு குறுக்க ஒருதரம் தடவணும். அன்னைக்கு நான் குறுக்க தடவல போல. மெட்ராஸ்காரர் வந்திருக்காருன்னு அவசரம்லா. எங் கண்ண நானே குத்திக்கிட்டேன்."

எஸ்றா செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்தான். "அதையே இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கியால?"

"நெனைக்காம? துறைமுக வேலையில லாரி நம்பர் எழுதுனா மூணுதரம் பாக்கேன். மக பொறந்து ஆறு மாசம் அவளத் தூக்கல, தெரியுமா? நழுவ விட்டுருவனோன்னு பயம். சுத்தம்னு சொல்லிட்டு சிப்பிய விட்டவன்தான நான்? என்னய நம்பி ஒரு பிள்ளையக் குடுக்கலாமா?" பெருமாள் குரலைத் தாழ்த்தினான். "ஆசுபத்திரில வச்சே எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், எஸ்றாவ ஒருத்தரும் ஒண்ணும் சொல்லப்பிடாது, தப்பு எம்மேலதான்னு."

கண் போனது எஸ்றாவுக்குத் தெரியும். அதைத்தான் இத்தனை வருஷம் சுமந்தான். இது தெரியாது. செய்தது ஒரு பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது பாவம் ஒன்பது வருஷமாக நாள் தவறாமல் நடந்துகொண்டே இருந்திருக்கிறது, அவன் வாயைத் திறக்காததால்.

பந்தலிலிருந்து விக்டர் வேகமாக வந்தார். "வாங்க தம்பி, வாங்க! மைக் செட்டு ரெடி. மாலை யாரு போடுதான்னு நெனைக்கிய? பெருமாளுதான். நாந்தான் போடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கான்."

சொல்லிவிட்டு அவர் நாற்காலி போடுகிறவர்களைச் சத்தம் போடப் போய்விட்டார். எஸ்றா பெருமாளுக்கு எதிரே தரையில் முட்டி போட்டான்.

"பெருமாளு, நீ எனக்கு மாலை போடப்பிடாது."

"ஏம்ல?"

"அந்தச் சிப்பி நான் போட்டது. பாய உருட்டும்போது எங் கையில வச்சிருந்ததப் போட்டு மிதிச்சேன். ஒரு பந்து எகிறுனா என்னய எடுப்பாங்கன்னு."

பெருமாள் தடவுவதை நிறுத்தினான். வலது கண் எஸ்றாவின் முகத்திலேயே நின்றது. அடிப்பான் என்று எஸ்றா காத்திருந்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"நான் சுத்தம்னு சொன்னேன்லா," என்றான் பெருமாள் கடைசியில். "அப்ப?"

"சுத்தமாத்தான் இருந்துச்சு. ஒரு பொடிகூட இல்ல."

"குறுக்க தடவுனேனா?"

"தடவுன. ரெண்டுதரம் தடவுன. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

பெருமாள் அப்படியே தரையில் உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று புரியவில்லை. மூடிய இடது இமைக்கு அடியிலிருந்தும் நீர் வந்தது. பிறகு ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றினான், மண்ணை உதறினான், நாலாக மடித்து எஸ்றாவின் மடியில் வைத்தான்.

"கண்ணு போனது போட்டும்ல. என்னய எனக்கே பிடிக்காம ஆக்கிட்டியேல, படுபாவி."

எஸ்றாவால் தலையைத் தூக்க முடியவில்லை.

"மைக் ஓடுதுல்லா?" என்றான் பெருமாள். "போய் அதுல சொல்லு. வடக்குப் பாதி சுத்தமா இருந்துச்சுன்னு சொல்லு. கொழாய எங்க வீட்டுப் பக்கமாத் திருப்பச் சொல்லு."

எஸ்றா பந்தலுக்குப் போனான். விக்டர் ஒன்றும் புரியாமல் ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பி வைத்தார். நாற்காலிகளில் இருநூறு பேர் இருப்பார்கள். டெஸ்ட் ஆட்டக்காரன் பேசப் போகிறான் என்று கைதட்டினார்கள். எஸ்றா தன் பெயரைச் சொன்னான், 1969 என்று சொன்னான், செய்ததைச் சொன்னான். பாதியில் கைதட்டல் நின்றது. விக்டர் மாலைத் தட்டைக் கீழே வைத்தார். தேர்வுக் குழுப் பதவி அந்த நிமிஷமே போயிற்று என்று எஸ்றாவுக்குத் தெரிந்தது. அது ஒரு பொருட்டாகவே இல்லை.

"வடக்குப் பாதி சுத்தமா இருந்துச்சு," என்றான் கடைசியாக. "சிவனணைந்தபெருமாள் சொன்னது நெசம்."

வாசலில் அருணாசலவடிவு ஈரச்சேலையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

பெருமாள் யாரையும் பார்க்கவில்லை, எஸ்றாவையும் பார்க்கவில்லை. மிச்சமிருந்த வடக்குப் பாதிக்குப் போய் முட்டி போட்டான். நெடுக ஒருதரம் தடவினான், இரண்டு சிப்பி எடுத்துத் தூர எறிந்தான். குறுக்கே தடவவில்லை. எழுந்தான், கையை உயரத் தூக்கினான், வீடு வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"சுத்தம்!"