கடைசி வாரக் கணக்கு

"ஒண்ணுகூட நீந்தலை, மாஸ்டர்."

லேப்காரப் பெண் கதவைப் பாதி மட்டும் திறந்து சொன்னாள். ஜிம் மாஸ்டர் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"சரியாப் பாருங்கம்மா."

"மூணு தடவை பார்த்தாச்சு. மொத்தமே ஏழெட்டுதான் கண்ணுல படுது. எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு."

எதிர் அறையில் அவன் மனைவி மயக்கத்தில் இருந்தாள். வயது நாற்பத்தொன்று. பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டு வளர்த்த கருமுட்டைகளை இப்போதுதான் எடுத்து முடித்திருந்தார்கள். இனி ஒரு தடவை எடுக்க அவள் உடம்பு தாங்காது, இதுதான் கடைசி என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இன்றைக்கே அவனுடைய உயிரணு வேண்டும்.

இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு குப்பி கொடுத்தான். அதிலும் அதே கதை.

டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"மூணு மாசம் முன்னாடி ரிப்போர்ட்டைக் காட்டி என்ன சொன்னேன்? போட்டிக்காகக் கிடக்கிற பட்டினியை விடுங்க, நல்ல கொழுப்பு சேர்த்துக்குங்கன்னு சொன்னேன்ல?"

"சேர்த்துக்கிட்டேன் டாக்டர். முழு முட்டை, மீன், பாதாம், நெய். எதையும் விடலை."

"எப்போலேருந்து?"

அவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினான்.

"ஏழு நாளா."

உடற்கட்டுப் போட்டியில் மேடை ஏறுகிறவர்களின் கணக்கு அது. நாலு மாதம் சொட்டு எண்ணெய் படாமல் அவித்த கோழி, முட்டையின் வெள்ளை. கடைசி வாரம் சோற்றை அள்ளிப் போட்டால் வற்றிய தசை புசுபுசுவென்று நிரம்பிவிடும். இருபது வருடமாக அந்த வாரம் அவனைக் கைவிட்டதில்லை. இதற்கும் ஒரு வாரம் போதும் என்று நம்பிவிட்டான். கோப்பையும் வரும், குழந்தையும் வரும்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"இன்னைக்கு நீங்க கொடுத்தது இந்த வாரம் உருவானதில்லை. ரெண்டரை மாசம் முன்னாடியே உள்ளே ஆரம்பிச்சது. அப்போ நீங்க கொழுப்பையும் வெட்டி, மொத்தச் சாப்பாட்டையும் பாதியாக்கி வெச்சிருந்தீங்க. பஞ்ச காலத்துல பிள்ளை எதுக்குன்னு உடம்பு ஆண் ஹார்மோனைக் குறைச்சிடுச்சு. வெளியே உங்க உடம்பைப் பார்த்து வாட்ச்மேன் சல்யூட் அடிக்கிறார். உள்ளே கடை காலி."

"இப்போ வேற வழி?"

"நாலு முட்டை கிடைச்சிருக்கு. உறைய வைக்கலாம், உங்க மனைவி அதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டாங்க. மூணு மாசம் ஒழுங்கா சாப்பிட்டு வாங்க. ஆனா உருக்கும்போது எத்தனை தேறும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். உங்க பக்கமும் முழுசா சரியாகும்னு சொல்ல முடியாது."

மனைவி கண் திறந்தபோது அவன் கட்டிலோரம் நின்றிருந்தான்.

"எத்தனைங்க?"

"நாலு."

வறண்ட உதட்டோடு அவள் சிரித்தாள். "அப்போ இன்னைக்கே சேர்த்து வெச்சிடுவாங்கல்ல?"

சொன்னான். ஏழு நாள் கணக்கையும் சேர்த்தே சொன்னான். சிரிப்பு எப்போது நின்றது என்று அவன் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் தினமும் டப்பாவுல வெச்ச வேர்க்கடலை?"

"ஜிம் பசங்களுக்குக் கொடுத்துட்டேன்."

"போட்டி என்னைக்கு?"

"இன்னும் பதினோரு நாள்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் அங்கேயே போனை எடுத்தான். போட்டி நடத்துகிறவரிடம் தன் பெயரை அடிக்கச் சொன்னான். என்ன ஆச்சு மாஸ்டர் என்று அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருக்க, வைத்துவிட்டான்.

"அந்த போனை மூணு மாசம் முன்னாடி பண்ணியிருக்கணும்," என்றாள் சுவரைப் பார்த்தபடி.

நர்ஸ் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ரொட்டி, அவித்த முட்டை. மனைவி தொடவில்லை. "நீங்களே சாப்பிடுங்க."

அவன் முட்டையை உடைத்தான். விரல்கள் பழக்கத்தில் மஞ்சள் கருவைத் தோண்டித் தட்டின் ஓரத்தில் தள்ளின.

நிமிர்ந்தபோது அவள் திரும்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சளை எடுத்து வாயில் போட்டான். மென்றுகொண்டே இருந்தான். கண்ணில் நீர் முட்டியது.

"முழுங்குங்க," என்றாள் அவள்.