அலசிக் கொடுத்த தலைப்பாகை

கானோ நகரத்துச் சாயக்குழிகளில் டல்ஹாவுக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேர்தான் அவனுக்குச் சோறு. துணியை அவுரி நீலச்சாயத்தில் முக்கியெடுத்து, அவுரிப்பொடி தூவி, கொட்டாப்புளியால் இரண்டு நாள் அடித்தால் இரும்பு மாதிரி மினுங்கும். தலையில் கட்டியவன் நெற்றியில் நீலம் ஒட்டும். பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள் அந்த நீலத்தைத் துடைக்காமல் திரிவார்கள், அதுதான் கௌரவம். அடுத்த குழிக்காரன் இத்ரிசுவுக்கும் இந்தத் தொழில்தான், ஆனால் அவனுக்குக் கொட்டாப்புளியைப் பிடிக்கவே தெரியாது என்பது டல்ஹாவின் அபிப்பிராயம்.

அல்ஹாஜி நூஹு லாரி விட்டுக் கொழுத்தவர். யார் யாரையோ காக்காய் பிடித்து ஒரு பட்டத்துக்கு வழி பண்ணிக்கொண்டார். வெள்ளிக்கிழமை, பட்டம் சூட்டித் தலைப்பாகை கட்டும் விழா. வியாழன் காலையில், டல்ஹாவிடம் வாங்கிய தலைப்பாகைத் துணியோடு குழிமேட்டில் வந்து நின்றார்.

"என்னய்யா சாயம் இது? தொட்டா கையெல்லாம் அப்புது! என் வெள்ளை அங்கி என்னத்துக்கு ஆகும்? நல்லா அலசிக் குடு."

துணியடிக்கும் லாவன் டல்ஹாவின் காதருகே வந்தான். "அண்ணே, விஷயத்தச் சொல்லிருண்ணே. அலசுனா மினுக்கம் போயிரும். நம்ம பேருல்ல கெடும்?"

"சும்மா கெட. இந்த மூஞ்சிக்குப் பாடம் நடத்துறதா என் வேலை? ஊரு சிரிக்கட்டும்."

அல்ஹாஜியிடம் திரும்பிப் பல்லிளித்தான். "பேஷா அலசிரலாம் அல்ஹாஜி."

தன் கையாலேயே அலசினான். இரண்டு நாள் உழைப்பு தொட்டித் தண்ணீரில் கரைந்தது. அவனுக்கு வலிக்கவே இல்லை, உள்ளூர இனித்தது.

மறுநாள் வேடிக்கை பார்க்க முன்வரிசையிலேயே போய் உட்கார்ந்தான். சபை முழுக்க நீல நெற்றிகள். தலைப்பாகை கட்டிவிடும் கிழவர் துணியை விரித்தார். அடுப்படித் துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"யாரு சாயம் இது?"

"டல்ஹாவோடது!" என்றார் நூஹு பெருமையாக. "ஒட்டுதுன்னு சொன்னேன். மறுபேச்சே இல்ல, அவரே அலசிக் குடுத்தாரு. அதோ, உக்காந்திருக்காரே!"

நீல நெற்றிகள் அத்தனையும் திரும்பின. கிழவர் நூஹுவைப் பார்க்கவே இல்லை.

"அவருக்குத் தெரியாது, சரி. உனக்குமாப்பா தெரியாது?"

தெரியாது என்றால் தொழில் போச்சு, தெரியும் என்றால் மானம் போச்சு.

கிழவர் துணியைக் கீழே போட்டுவிட்டு வேறு துணி கேட்டார். யாரோ இத்ரிசுவின் துணி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கட்டி முடித்தபோது நூஹுவின் நெற்றியில் நீலம் ஜம்மென்று ஏறியிருந்தது. சபை எழுந்து வாழ்த்தியது, டல்ஹாவும் எழவேண்டியிருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டார்: "இந்த இத்ரிசு குழி எந்தப் பக்கம்?"