பார்க்கில் ஒரு பெரட்டு

லீவு நாள் என்றாலே ரப்பர்ப் பால் வெட்டும் பஞ்சாலைக்குப் பயம். வேலை நாளில் பால்மரம் பேசாது. அவளும் பேச வேண்டியதில்லை. லீவு நாளில் கூலிகள் குடியிருக்கும் லயமே சத்தம் போடும். அத்தனை சத்தத்துக்கும் அவள் மகள் நீலாவதி ஒருத்தியே அழுது தீர்ப்பாள்.

இந்த முறை லீவு லண்டனிலிருந்து வந்தது. அங்கே ராணிக்கு முடிசூட்டு. அந்த அம்மாள் தலையில் கிரீடம் ஏறும் நாளில் மலாயாவில் லாபு பக்கத்துத் தோட்டக் கூலிகள் சிரம்பான் பார்க்கில் ராட்டினம் ஏற வேண்டும் என்று துரை முடிவு செய்திருந்தார். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்காக லயத்தைச் சுற்றி முள்கம்பி கட்டி, பொழுது சாய்ந்தபின் தலை காட்டினால் சுடுவோம் என்று சொல்லிவைத்திருந்த சர்க்காருக்கும், ஜனங்கள் சந்தோஷமாயிருப்பதை ஒரு நாளாவது பார்க்க ஆசை.

நீலாவதிக்கு நாலு வயது. யாராவது தொட்டால் நெருப்புப் பட்டதுபோல் துள்ளுவாள். தலைக்கு எண்ணெய் வைக்க விடமாட்டாள். குழம்பு பட்ட சோறு அவளுக்குச் சோறே அல்ல. தகரம் விழுந்தாலும், நாலு பேர் சேர்ந்து சிரித்தாலும், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தொண்டை கட்டும்வரை கத்துவாள். பூசாரி மந்திரித்துக் கட்டிய தாயத்து கழுத்தில் உறுத்தியது, அதற்கும் கத்தினாள். பேய்க்குக் கோபம் வந்துவிட்டது என்று சொல்லி அவர் இன்னும் பெரிய தாயத்தாகக் கட்டினார்.

தொழிற்சங்கத்தில் பெயர் இருந்த குற்றத்துக்காகப் பஞ்சாலையின் புருஷனை அவசரகாலம் தொடங்கிய வருஷமே பிடித்துப் போய், பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது நீலாவதி வயிற்றில். ஆகவே பால் வெட்டப் போகும்போது பிள்ளையை ஆயாக் கொட்டகையில்தான் விட வேண்டும். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா தாயம்மா, போன வாரம் தோட்டக் கணக்கு எழுதும் கிராணியிடம் போய் நின்றுவிட்டாள்.

"ஐயா, இவ ஒருத்தி கத்துனா கொட்டாயே கத்துது. ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இவ இருக்கணும்."

கிராணி கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். எந்த வியாதிக்கும் அவரிடம் ஒரு கருத்து உண்டு, மருந்துதான் இருப்பதில்லை. பஞ்சாலையைக் கூப்பிட்டனுப்பினார்.

"உந்தப் பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை. சனத்தோட பழகேல்லை, அவ்வளவுதான். பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு வா. அங்க மற்றப் பிள்ளையளைப் போல நிண்டாள் எண்டால் தாயம்மா வச்சிருப்பாள். இல்லையெண்டால் நீ வேலையை விட்டுப்போட்டுப் பிள்ளையைப் பார்."

வேலையை விட்டால் வீடும் போகும். லயத்து அறை பால்வெட்டுக்காரிக்குத்தான், அம்மாக்காரிக்கு இல்லை. இது கிராணிக்கும் தெரியும், பஞ்சாலைக்கும் தெரியும். அதனால் இருவருமே அதைப் பேசவில்லை.

முடிசூட்டு நாள் காலையில் லயத்து வாசலிலேயே முதல் சோதனை. காட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சோற்றை வேலிக்கு வெளியே கொண்டுபோகத் தடை. நீலாவதியின் தகரக் கிண்ணத்திலிருந்த வெறுஞ்சோற்றைப் பெண் போலீஸ் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நாலு வயசுப் புள்ள சோறும்மா."

"நாலு வயசுப் புள்ளதான் நல்லா கடத்தும்," என்றபடி அவள் பிள்ளையின் இடுப்பையும் தடவிப் பார்த்தாள்.

நீலாவதி அங்கே எடுத்த குரலைச் சிரம்பான்வரை இறக்கவில்லை. லாரியில் எதிரே உட்கார்ந்திருந்த, கூலிகளை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி காதைக் குடைந்துகொண்டார்.

"ஏ பஞ்சாலை, இவ தொண்டைய தோட்டத்துக்குக் குடுத்துடு லா. காலையில பெரட்டுக்கு நான் இரும்பு அடிக்கிற வேல மிச்சம்."

லாரி சிரித்தது. நீலாவதி இன்னும் உரக்கக் கத்தினாள். தாயம்மா மட்டும் சிரிக்காமல், பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவள் மாதிரி, பிள்ளையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பார்க்கில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. ஒரு ஒலிபெருக்கிக் குழாயில் சீனப் பாட்டு, இன்னொரு குழாயில் இந்திப் பாட்டு, நடுவில் ஜோகெட் ஆட்ட மேடையில் மலாய்ப் பாட்டு. மரக்குதிரை ராட்டினம் எண்ணெய் கேட்டு முனகியது. பலூன் வெடித்தது. அந்த வெடிக்கு ஜனங்களில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் தரையில் குந்தி, பிறகு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். நீலாவதி எழவில்லை. தவழ்ந்து போய், காசு வாங்கிப் பேய் காட்டும் பேய்வீட்டுக்குப் பின்னாலிருந்த பலகைத் திண்டின் அடியில் புகுந்துகொண்டாள்.

பஞ்சாலை பக்கத்தில் குந்தினாள். தொடக் கூடாது. கூப்பிடக் கூடாது. பிள்ளையிடம் செய்யக் கூடாதவற்றை அவள் ஒவ்வொன்றாகக் கற்றிருந்தாள். செய்ய வேண்டியது என்ன என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. திண்டுக்கடியில் இன்னொரு ஆளுக்கு இடமிருந்தது. தானும் உள்ளே போய்க் காதைப் பொத்திக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

தாயம்மா கச்சான் கடலைப் பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

"நான் பாக்காத மாதிரி போயிடலாம்னுதான் பாத்தேன். கிராணி கேப்பாரு, பஞ்சாலை."

"கேட்டா சொல்லுக்கா."

"என்னைக் கெட்டவளா நினைக்காத. எனக்கும் வயசாகுது, மண்ட இடிக்குது."

"நினைக்கலக்கா. நினைக்கத் தெம்பு இல்ல."

தாயம்மா பொட்டலத்தை நீட்டினாள். பஞ்சாலை ஒன்றை எடுத்து உடைக்காமலே கையில் வைத்துக்கொண்டாள். நாளைக்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று யோசிக்கத் தொடங்கினாள். லுக்குட் ஊரில் ஒரு அத்தை மகள் இருந்தாள். அவள் வீட்டில் ஒரு நாயும் இருந்தது. நாய் குரைக்கும்.

அப்போதுதான் பேய்வீட்டுச் சீனன், கூட்டம் சேரவில்லை என்று, வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடித்தான். டண். டண். டண்.

தோட்டத்தில் ஒவ்வொரு காலையும் மண்டோர் அடிப்பதும் தண்டவாளத் துண்டுதான். அது கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பெரட்டுக்களத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கிராணி பெயர் கூப்பிடுவார். பெயர் விழுந்த நேரத்தில் ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. மூன்று தலைமுறையாக இது கால்களுக்குத் தெரியும். தலையைக் கேட்டுக்கொண்டு கால்கள் இதைச் செய்வதில்லை.

ராட்டினக் குதிரைமேல் இருந்தவர்கள் இறங்கினார்கள். ஐஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் ஐஸோடு வந்தார்கள். பேய்வீட்டுக்கு முன்னால் தோட்டமே வரிசை வரிசையாக நின்றது. முனியாண்டி முதல் வரிசையை நேராக்கினார். கந்தையா சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். சீனனுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. இவ்வளவு ஒழுங்கான கூட்டத்தை அவன் பிழைப்பில் பார்த்ததில்லை. யாரும் டிக்கெட் வாங்காததுதான் அவனுக்கு விளங்கவில்லை.

பஞ்சாலையும் தன் இடத்தில் வந்து நின்றுவிட்டிருந்தாள். நின்ற பிறகுதான் பிள்ளை நினைவு வந்து, பதறித் திரும்பினாள்.

நீலாவதி அவளுக்குப் பின்னால் நின்றாள். தினமும் பெரட்டில் அம்மாவின் பால் வாளிக்குப் பின்னால் நிற்கும் அதே தூரத்தில். வாளிதான் இல்லை. காதிலிருந்து கைகள் இறங்கியிருந்தன. முன்னால் இருந்த முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் காலையில் இருக்கும் இடத்தில் இருந்தன. குழாய்கள் அலறிக்கொண்டுதான் இருந்தன. அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

வரிசை நிற்கிறதே என்று கந்தையா மனப்பாடமாகப் பெயர் கூப்பிடத் தொடங்கினார். பாதியில்தான் தாம் இருக்கும் இடம் அவருக்கு உறைத்தது. ஆனால் தொடங்கிய பெரட்டைப் பாதியில் விடும் கிராணி அவர் அல்ல.

"பஞ்சாலை."

"இருக்கேன்யா."

அவர் எட்டிப் பார்த்தார். பிள்ளை கண்ணில் பட்டது.

"பாத்தியே? நான் சொன்னனான். பழகியிட்டாள். பார்க் சுகப்படுத்திப் போட்டுது."

"ஆமாங்கய்யா," என்றாள் பஞ்சாலை.

வரிசை கலைந்து, ஊரடங்குக்கு முன் போய்ச் சேர எல்லோரும் லாரியில் ஏறி, நீலாவதி மறுபடி கத்தத் தொடங்கியபோது, தாயம்மா பஞ்சாலை பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"இவளுக்கு வரிசைதான் வேணுமா?"

"தெரியலக்கா. நாளைக்கு எது எங்க இருக்கும்னு தெரிஞ்சா போதும் போல."

"அவ்வளவுதானே. அதை நான் குடுக்கிறேன். நீ வெட்டுக்குப் போ."

மறுநாள் பெரட்டு முடிந்து பஞ்சாலை பிள்ளையைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். தாயம்மா ஒரு தட்டைக் கரண்டியால் மூன்று முறை தட்டினாள். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் கூரைக்கடியில் வரிசையில் நின்றன. நிற்கத் தெரியாதவை வரிசையில் உட்கார்ந்தன. நீலாவதி போய்க் கடைசி இடத்தில் நின்றாள். தாயம்மா பெயர் கூப்பிட்டாள். மூக்கொழுகும் ஒரு பொடியன், "இருக்கேன்யா," என்றான்.

யாரும் அழவில்லை. கொட்டகை அவ்வளவு அமைதியாக இருந்து பஞ்சாலை பார்த்ததில்லை. இதற்குச் சந்தோஷப்படுவதா, வாயில் அடித்துக்கொண்டு அழுவதா என்று முடிவு செய்ய அவளுக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. மேட்டுப்பக்கத்திலிருந்து முனியாண்டி பொழுதாகிறது என்று கத்தினார்.

வாளியைக் கையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். மரங்களும் வரிசையில்தான் நின்றன.