பாதிரி மடுவில் ஓரடி

பாதிரி மடுவுக்கு ஒரு சட்டம் உண்டு. அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. மனுஷனாய்ப் பிறந்தவனுக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை என்பது இஷ்பெலின் கட்சி. மடுவின் மேல்முனையில்தான் ஆற்றில் இறங்க வேண்டும். ஒரு தடவை தூண்டில் வீசினால் ஓரடி கீழே நகர வேண்டும். அடுத்து வருகிறவர் மேலிருந்து பின்தொடர்வார். அப்போதுதான் சால்மன் மீன் ஒதுங்கிக் கிடக்கும் பாறையடி எல்லாருக்கும் ஒருமுறை வாய்க்கும்.

இன்றோடு மீன்பிடிப் பருவம் முடிகிறது. இந்த வருஷம் இஷ்பெலுக்கு ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. தூண்டில் சங்கத்தில் அவள் தலையைக் கண்டாலே நமட்டுச் சிரிப்பு.

மேல்முனையிலிருந்து ஓரடி ஓரடியாக நகர்ந்து அவள் பாறையை நெருங்கும் நேரத்தில் லண்டனிலிருந்து வந்த பியர்ஸ் தென்பட்டான். கால் முதல் கழுத்து வரை புது உடுப்பு. விலைச்சீட்டு மட்டும்தான் தொங்கவில்லை. நேராக அவளுக்கும் பாறைக்கும் நடுவே இறங்கி, நட்ட கல்லாக நின்றுகொண்டான்.

"சார், மேலேர்ந்து வரணும்."

"எதுக்கு மேடம்? ஆறு இவ்ளோ பெருசா கெடக்குதே."

"சரி, நகர்ந்துக்கிட்டாவது இருங்க."

"நகர்ந்துட்டே இருந்தா மீன் எப்படிக் கடிக்கும்? நின்னு பாருங்க, அப்பத் தெரியும்."

தண்ணீர் குடிக்க வரும் மாடுகூட முன்னால் நிற்கிற மாட்டுக்கு வழி விடும். இவனுக்கு அந்த அளவும் இல்லை என்று இஷ்பெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுடைய நெடுநாள் கூட்டாளி லாக்லன், வலையும் விஸ்கிக் குப்பியுமாகக் கரையில் உட்கார்ந்திருந்தான். "விடு இஷ்பெல். அதுக்கெல்லாம் சொன்னா ஏறாது. மேல போய் மறுபடி இறங்கு."

"அதுக்குள்ள இருட்டிடும்."

நூலைச் சுருட்டிக்கொண்டு கரையேறினாள். மேலே போகவில்லை. பியர்ஸைத் தாண்டிப் போய், அவனுக்குக் கீழே, பாறையை ஒட்டி இறங்கினாள். முதல் வீச்சிலேயே தூண்டில் வில்லாக வளைந்தது.

"லாக்லன், வலையக் கொண்டா."

லாக்லன் எழுந்தான். இத்தனை வருஷமாக இருவரும் சேர்ந்து, சட்டத்தை மீறிய எவரெவரையோ பார்த்த பார்வையை இப்போது அவள்மேல் திருப்பினான். காறித் துப்பவில்லை, அவ்வளவுதான்.

"அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நூலை அறுத்துவிட அவளுக்கு மனம் வரவில்லை.

தண்ணீரை உழக்கிக்கொண்டு ஓடி வந்தவன் பியர்ஸ்தான். தன் புத்தம்புது வலையில் மீனை அள்ளி, வாயெல்லாம் பல்லாக அவளிடம் நீட்டினான்.

"அப்பவே சொன்னேன்ல மேடம்? இப்பத்தான் நீங்க நம்ம ஆளு."