பத்து கிடையாது

போன ஜூலையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி வைத்தார்கள். சக மாணவரைத் துன்புறுத்துவதைக் கண்டால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பது தலைப்பு. முதல் பரிசு எனக்குத்தான், ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில். சும்மா பார்த்துக்கொண்டு நிற்பவரும் குற்றவாளிதான் என்று நான் முடித்தபோது எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவள் சிஞ்சு. அவளும் நானும் தேயிலை எஸ்டேட்டில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள். அவள் பிளஸ் டூ, நான் பிளஸ் ஒன்.

லயத்திலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குத் தேயிலைக்குள் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். யானை இறங்கும் பாதை. நான்கு வருஷத்துக்கு முன்னால் இன்னாசிராஜ் மாமாவை யானை மிதித்துக் கொன்ற பிறகு பெரியவர்கள் கூடி ஒரு நடைமுறை வைத்தார்கள். பிள்ளைகள் ஒரே வரிசையாகப் போக வேண்டும். முன்னால் போகிறவர் வளைவுக்கு வளைவு எவர்சில்வர் தட்டைத் தட்ட வேண்டும். உடனே ஆளாளுக்குத் தங்கள் நம்பரைச் சொல்ல வேண்டும். ஒரு நம்பர் வராவிட்டாலும் வரிசை நகரக் கூடாது. யானை பக்கத்தில் இருந்தால் கத்தக் கூடாது, தட்டுச் சத்தம் கேட்டால் நம்பரை மட்டும் சொல்லலாம். பனிமூட்டத்தில் முன்னால் போகிறவர் முதுகு தெரியாது. நம்பர் வந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

தட்டு சிஞ்சுவின் கையில். கடைசி நம்பர் ஒன்பது. அது நான்.

அந்தப் பேச்சுப்போட்டிக்கு முந்தின மாதம், ஜூனில், பூவாத்தாள் வந்து சேர்ந்தாள். பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியிலிருந்து அவள் அம்மா சாந்தம்மாள் கொழுந்து கிள்ள வந்தார். பெண் ஒன்பதாம் வகுப்பு. நாய்க்குக்கூட மரியாதை கொடுத்துத்தான் பேசுவாள். 'ஊடு', 'ஏனுங்க' என்று அவள் வாயைத் திறந்தாலே நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். நாங்கள் என்று சொல்கிறேன். நானும்தான்.

முதல் நாள் நான் ஒன்பது சொன்னதும் பின்னாலிருந்து சந்தோஷமாக ஒரு குரல் வந்தது.

"பத்துங்க."

சிஞ்சு வரிசையை நிறுத்திவிட்டு நிதானமாகப் பின்னால் வந்தாள். செடியிலிருந்து ஒரு கைப்பிடி முற்றல் இலையைப் பறித்து அவள் வாயில் திணித்தாள்.

"இங்க பத்து கெடையாது, கேட்டியா? நம்பர் இல்லாதவ வாயத் தொறக்கக் கூடாது. மெல்லு."

மென்றாள். கண்ணில் நீர் வழிந்தது. எங்கள் வரிசையில் வந்த ஜிஜோ அதை வீடியோ எடுத்தான். நான் என் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சரிசெய்ய அதில் ஒன்றுமே இல்லை.

அதன் பிறகு தினமும் அவள் எங்களுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நடந்தாள். ஒருநாள் சாந்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைக்கு இந்தக் காடு புதுசுங்க கண்ணு. நீங்க பாத்துக்கோங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பாட்டில் வாங்கிய வாய் அல்லவா, சுலபமாக வந்தது.

ஆகஸ்டில் ஒரு காலை. பனி அடர்த்தி. மூன்றாவது வளைவுக்குச் சற்று முன்னால் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஜோதியக்கா, நில்லுங்க. செருப்பு வாரு அந்து போச்சுங்க."

தட்டு ஒலித்தது. ஒன்று, இரண்டு என்று நம்பர் என்னை நோக்கி வந்தது. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஒன்பது வராமல் வரிசை நகராது, அது எங்கள் அப்பாக்கள் போட்ட முறை. சிஞ்சுவால்கூட மீற முடியாது. பேச்சே தேவையில்லாத உதவி.

"ஒன்பது" என்றேன்.

வரிசை நகர்ந்தது.

பஸ் நிற்கும் இடத்தை அடைந்தபோது ஜிஜோவின் போனில், யானை நடமாட்டம் பார்க்கும் வாட்சர் பெரியமுத்துவின் குரல் வந்தது. மூன்றாவது வளைவில் குட்டியோடு யானை நிற்கிறது, யாரும் பாதையில் இறங்க வேண்டாம் என்றார்.

"பூவாத்தா பின்னாடி நின்னாளே" என்றேன்.

"ஊட்டுக்குப் போயிருப்பாங்கோ" என்று சிஞ்சு அவளைப் போலவே இழுத்துச் சொன்னாள். "நம்ம ஒம்பது பேரும் இருக்கோம்லா. ஏறு."

பஸ் வந்தது. ஏறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது.

யானை விலகியதும் பெரியமுத்து பிள்ளைகள் யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று பார்க்கத் தட்டோடு வந்திருக்கிறார். வளைவில் நின்று மூன்று முறை தட்டி, நம்பர் வருகிறதா என்று காத்திருக்கிறார். வரவில்லை. ஆள் இல்லை என்று மேலே போய்விட்டார். அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடியில், தேயிலைக்கு நடுவே வெட்டிய வடிகாலில் பூவாத்தாள் கிடந்தாள். யானை அவள் வலது காலை மிதித்திருந்தது. மத்தியானம் கொழுந்து கிள்ள வந்த பெண்கள்தான் பார்த்தார்கள். அதற்குள் ஐந்து மணி நேரம் போயிருந்தது. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தேனி ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு போனேன். பெரியமுத்து கட்டிலின் ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

"மூணு வாட்டி தட்டுனேனே தாயி. நம்பரச் சொல்லியிருக்கலாம்லா?"

"கேட்டுதுங்க" என்றாள் பூவாத்தாள். "எனக்குத்தான் நம்பர் இல்லைங்களே. வாயத் தொறக்கக் கூடாதுன்னிருக்காங்க. யானையும் பக்கத்துல நின்னா என்ன பண்றதுன்னு பயந்துட்டனுங்க."

பெரியமுத்து வெளியே போனதும் அவள் என்னைப் பார்த்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"அக்கா, எங்கம்மா உங்க மேல கோவமா இருக்குதுங்க. பனியில ஜோதியக்காவுக்கு நான் கூப்ட்டது கேட்டிருக்காது, கேட்டிருந்தா நின்னிருப்பாங்கன்னு நாந்தானுங்க சொல்லி வச்சிருக்கேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கேக்கலதானுங்க?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். அந்த ஒரு பொய்யைச் சொல்ல மட்டும் எனக்கு நாக்கு எழவில்லை. அது நேர்மையா, இன்னொரு கொடுமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"கேட்டுச்சு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "அம்மாகிட்ட அதச் சொல்லிப்போடாதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.